காரைக்குடியில் தைத்த பையோடு கொன்யா வரை

முதலில் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சந்துக்குள் பை தைக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தைப்பூசத்துக்கு முன்னால் போனால் வாசல் முழுக்கப் பழனிக்கு நடக்கிறவர்களின் பைகள் தொங்கும், அவரே வருஷா வருஷம் காவடியோடு நடக்கிறவர். "துருக்கிக்குத் தனியாகப் போகிறேன், விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகிற அளவில் தோள்பை வேண்டும்" என்று சொன்னேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க ஆச்சி?" என்றுதான் கேட்டார். வேறு எந்தக் கடையிலும் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை.

நாற்பது லிட்டர், தடித்த கான்வாஸ் துணி, 1,900 ரூபாய், பத்து நாளில் தைத்துக் கொடுத்தார். தோள்பட்டை வாருக்குள் இரண்டு விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்ச் வைத்து, வார் பையோடு சேருகிற இடத்தில் மூன்று முறை குறுக்குத் தையல் போட்டிருக்கிறார். பன்னிரண்டு நாள் பயணத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. இடுப்பு வாரும் வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன், பழனிப் பையில் அது இருக்காது. ஏழு கிலோவை நாள் முழுக்கச் சுமக்கும்போது பாரத்தில் பெரும்பங்கு இடுப்புக்கு இறங்கினால்தான் கழுத்து பிழைக்கும். ஆனால் குறையும் அதிலேதான் வந்தது. நாலாம் நாள் அங்காரா ரயில் நிலையத்தில் இடுப்பு வாரின் பிளாஸ்டிக் க்ளிப் உடைந்துவிட்டது, மீதி எட்டு நாளும் துப்பட்டாவால் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். இன்னொன்று, கான்வாஸ் மழைத் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். மழை உறை தனியாகக் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

அங்காராவிலிருந்து கொன்யாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இறங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது. அலாவுதீன் மேட்டிலிருந்து நேராக ஒரு சாலை, நடந்தே போய்விடலாம், சாலை முடிகிற இடத்தில் அந்தப் பச்சைக் கோபுரம். உள்ளே பாரசீக மொழியில் பாடிய சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமி அடங்கியிருக்கிறார், பக்கத்தில் அவருடைய தகப்பனார். 1925-ல் சூஃபி மடங்களையெல்லாம் துருக்கி அரசு மூடிவிட்டது, 1927 முதல் இது அருங்காட்சியகம். ஆனாலும் வருகிறவர்கள் பிரார்த்தனைக்குக் கையேந்தித்தான் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நான் ஈரப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு அவருக்கு வழிவிட்டு ரொம்ப நேரம் ஓரமாக நின்றேன்.

முன்பு ரூமி என்றால் எனக்கு வாட்ஸப்பில் வருகிற காதல் வரிகள்தான். ஆனால் அவருடைய நெடுங்கவிதையான மஸ்னவி காதலர் பேச்சோடு தொடங்கவில்லை, நாணற்குழலின் அழுகையோடு தொடங்குகிறது. நாணற்காட்டிலிருந்து தன்னை அறுத்தெடுத்த நாள் முதல் அழுகிறேன் என்கிறது அந்தக் குழல். அதற்குப் பிறகு ஆறு பாகம், சுமார் 25,000 ஈரடிகள். சனிக்கிழமை இரவு மெவ்லானா பண்பாட்டு மையத்தில் ஸமா என்கிற சூஃபிகளின் சுழல் வழிபாட்டைப் பார்த்தேன். தலையில் இருக்கிற உயரமான தொப்பி கல்லறைக் கல்லாம், வெள்ளை உடை இறந்தவருக்குப் போர்த்துகிற கஃபன் துணியாம், கறுப்பு அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் சுழலவே ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒற்றைக் குழல் மட்டும் வாசிக்கிறார்கள், அந்தச் சில நிமிஷத்தில் எனக்கு என் பாட்டி, எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது.

ஐயா, அதாவது ஆயாவின் வீட்டுக்காரர், பினாங்கில் ஒரு கடையில் அடுத்தாளாக, முதலாளிக்கு உதவியாளாக இருந்தவர். ஒரு தடவை போனால் மூன்று வருஷம். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள், முகப்பில் உட்கார்ந்து கடுதாசிக்குக் காத்திருந்தவர்களைப் பற்றிப் பேச்சே இருக்காது. "போனவுகளுக்கு வேலை இருக்கு, இருக்கிறவளுக்கு வழி மட்டும்தான் இருக்கு" என்பார் ஆயா. குழல் சொல்வதும் இதுவேதான் என்று அந்த இருட்டு அரங்கில் தோன்றியதும் அழுதுவிட்டேன். ரூமி இறந்த 1273 டிசம்பர் 17-ஐ அங்கே மணநாள் இரவு என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். நம் ஊர் தர்காக்களில் உரூஸ் என்கிறோமே, அந்த அரபுச் சொல்லுக்கும் திருமணம் என்றுதான் பொருள். பிரிவு முடிகிற நாள். இவ்வளவு நாள் எத்தனை உரூஸ் நோட்டீஸைப் படித்திருக்கிறேன், இது தெரியாமலே.

எடைக்காகப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, தமிழ் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளில் கொஞ்சத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடிக்காரர், தேவகோட்டையிலிருந்து தூரமே இல்லை. இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக்கி ஏங்குகிறார், அதுவும் ரூமியைப் போலவே ஈரடிகளில். துணைக்கு ஆள் இல்லாத பயணத்தில் ராத்திரி விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அவற்றை வாய்விட்டுப் படிக்கலாம். நான் படித்தேன், மேல்கட்டிலில் இருந்த பெண்ணும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. முதுகை ஒட்டி உள்ளறை ஒன்று வைத்துத் தைத்திருந்தார் அண்ணன், மழையில் துணியெல்லாம் நனைந்தும் அதற்குள் இருந்த நோட்டு நனையவில்லை. இந்தப் பையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சக்கரப் பெட்டியை இழுத்துப் பழகியவர்கள் முதல் இரண்டு நாள் சிரமப்படுவார்கள், அப்புறம் சரியாகிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் தனியாகப் போகிறவர்கள் தாராளமாகத் தைத்துக்கொள்ளலாம், ஆனால் தை மாதத்துக்கு முன்னால் போகாதீர்கள், அவருக்குப் பழனிப் பை வேலை தலைக்குமேல் இருக்கும். உடைந்த க்ளிப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் பித்தளைக் கொக்கி ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். அப்புறம் "அங்கே நடக்க வழி நல்லா இருக்கா ஆச்சி?" என்று கேட்டார்.