பதின்மானங்களை வைத்து மழையைப் பிரிப்பது: எந்த வழி நம்பகமானது?

தருமபுரியின் தினசரி மழைக் கணக்கில் பெரும்பாலான நாளுக்குப் பூஜ்யம்தான் இருக்கும். பெய்த நாளில் அளவு 3.4 மி.மீ., 11.8 மி.மீ. என்று எதுவாகவும் வரும். ஆக ஒரே நிகழ்தகவுப் பரவலுக்குள் இரண்டு பகுதிகள்: பூஜ்யத்தில் குவிந்து நிற்கும் தனிநிலைப் பகுதி, அதற்கு மேல் விரியும் தொடர்நிலைப் பகுதி. முழுத் தரவும் இருந்தால் பூஜ்யங்களை எண்ணிவிடலாம். பதின்மானங்கள் என்பவை, தரவைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பத்துச் சம பங்காக்கும் ஒன்பது வெட்டுப் புள்ளிகள்; எட்டாவது பதின்மானம் என்றால் 80% நாட்களின் மழை அதற்கு மேல் போகாது. இந்த ஒன்பது மட்டுமே கிடைத்தால் பூஜ்யத்தின் பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: முதல் ஏழு பதின்மானங்களும் 0, எட்டாவது 1.2 மி.மீ., ஒன்பதாவது 9 மி.மீ.

முதல் வழி, சமமாக வரும் மதிப்புகளைப் பார்ப்பது. ஏழாவது வரை 0, எட்டாவது 0 இல்லை. எனவே பூஜ்யத்தின் நிகழ்தகவு 0.7க்குக் குறையாது, 0.8ஐ எட்டாது. இதில் ஊகம் எதுவும் கிடையாது, இது நிரூபணம். அதனால்தான் எனக்கு இந்த வழி பிடிக்கும். குறை என்னவென்றால், 0.1க்கும் சிறிய குவியல் (ஒரே மதிப்பில் சேர்ந்து நிற்கும் நிகழ்தகவு) இரண்டு பதின்மானங்களுக்கு நடுவே கண்ணில் படாமலே போய்விடலாம்.

இரண்டாவது, அடுத்தடுத்த பதின்மானங்களின் இடைவெளியைப் பார்த்து, மிக நெருக்கமாக இருக்கும் இடத்தில் குவியல் இருப்பதாகச் சொல்வது. சந்தேகப்பட உதவும், தீர்ப்புக்கு ஆகாது. தூறல் நாட்கள் நிறைய இருந்தாலும் இடைவெளி சுருங்கத்தான் செய்யும்.

மூன்றாவது, பூஜ்யத்துக்கு ஒரு நிகழ்தகவு, பெய்த நாட்களுக்குக் காமா பரவல் (மழை அளவுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஒரு வளைகோடு) என்று மாதிரி அமைத்துப் பொருத்துவது. பலரும் நேராக இதற்குத்தான் போகிறார்கள். ஆனால் தெரியாதவை மூன்று: பூஜ்யத்தின் நிகழ்தகவு, காமாவின் வடிவம், அளவுகோல். கையில் இருக்கும் சமன்பாடுகளோ, எட்டாவது, ஒன்பதாவது பதின்மானங்கள் தரும் இரண்டுதான். பூஜ்யத்துக்கு 0.70 வைத்தாலும் 0.78 வைத்தாலும் 1.2, 9 இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். வித்தியாசம் கனமழையில்தான் தெரியும். 0.70 வைத்தால் 99ஆவது நூற்றுமானம் (நூறில் ஒரு நாள் மட்டுமே தாண்டும் அளவு) சுமார் 55 மி.மீ.; 0.78 வைத்தால் சுமார் 35. பண்ணைக் குட்டைக்கு அளவு போடுகிறவருக்கு இது சின்ன விஷயமா? மென்பொருள் ஒரே ஒரு விடையைத் தந்துவிடும் என்பதால் இந்த ஊசலாட்டம் வெளியே தெரிவதே இல்லை.

ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைத் தக்காளி விலைக்கு இந்தக் கதை அப்படியே ஒத்துவராது. பத்து ரூபாய்க்கு வட்டமாக்கி எழுதிய விலை என்றால் முதல் வழி பார்க்கும் இடமெல்லாம் குவியல் காட்டும். அங்கே ஒவ்வொரு விலையையும் ஒரு வீச்சாக (20 ரூபாய் என்றால் 15 முதல் 25 வரை) எடுத்துக்கொள்வதே சரி.

மழைக்கு என் தேர்வு: முதல் வழியில் எல்லையைப் போட்டுவிட்டு, அந்த எல்லைக்குள் மட்டும் மாதிரியைப் பொருத்துவது. அப்புறம் மழை நாட்களின் எண்ணிக்கையைத் தேடுங்கள். இந்திய வானிலைத் துறைக்கு மழை நாள் என்றால் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாள். அதைப் பூஜ்யம் அல்லாத நாட்களின் எண்ணிக்கையாக எடுத்தால் தூறல் நாட்களெல்லாம் வறண்ட நாட்களாகிவிடும். 2.5 மி.மீ.க்கு மேலே எத்தனை பங்கு நாட்கள் என்று எடுத்தால், நமக்கு இல்லாமல் போன அந்த மூன்றாவது சமன்பாடு கிடைத்துவிடும்.