மைதானத்தடியில் காணி வாங்கப் போனோம்: ஒரு காணி விற்பனைச் சேவை பற்றி

கிளிநொச்சியில் ‘மைதானத்துக்குப் பக்கத்தில் காணி’ என்று விளம்பரம் போட்டு விற்கிற ஒரு நிறுவனத்தோடு இந்த வருடம் மூன்று மாதம் அலைந்தோம். பெயர் எழுதப் போவதில்லை, இதே மாதிரி வேலை செய்கிறவர்கள் பலர், ஒருவரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிடுவதில் பலனில்லை. சேவைக்கு 5க்கு 2 தருவேன். அந்த 2உம் அவர்கள் அனுப்பிய நில அளவையாளருக்குச் சேரவேண்டியது.

நாங்கள் நான்கு பேர், ஒரே கழகத்தில் பத்து வருடம் உதைபந்து ஆடியவர்கள். நானும் இன்னொருவரும் இங்கே, ஒருவர் சுவிஸில், ஒருவர் ரொறன்ரோவில். ஆடிய காலத்தில் வெளி மாவட்டத்துக்குப் போட்டிக்குப் போனால் பாடசாலை வகுப்பறையில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படுப்போம், விடிய எழும்பி ஒரேயொரு குழாயடியில் இருபது பேர் வரிசையில் நிற்போம், பிறகு அந்த உடம்போடு போய் தொண்ணூறு நிமிடம் ஓடவேண்டும். ஆண்பிள்ளைகள் எப்படியோ சமாளித்தோம். இப்போது முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பெண்பிள்ளைகளின் அணிகள் வருகின்றன. தாழ்ப்பாள் இல்லாத குளியலறையை நம்பி அவர்களை எப்படி இரவு தங்கவைப்பது? தங்க இடம் சரிவராமல் ஒரு அணி வராமலே விட்டது எனக்குத் தெரியும். அதனால்தான் மைதானத்தடியில் எட்டுப் பரப்புக் காணி (அரை ஏக்கர்) எடுத்து, கட்டில் போட்ட ஆறு அறை, நல்ல குளியலறைகள், ஒரு சமையலறை கட்டுவது என்று முடிவெடுத்தோம். இது முதலீடுதான், தர்மம் இல்லை. போட்ட காசு மெதுவாகவென்றாலும் திரும்பி வரவேண்டும்.

விளையாடியவர்கள் மைதானத்தைச் சுற்றிய நிலத்தில் காசு போடுவது வெளிநாடுகளில் நன்றாக ஊறிப்போன விடயம். மன்செஸ்டரில் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்துக்கு எதிரிலேயே ‘ஹோட்டல் ஃபுட்போல்’ இருக்கிறது. மன்செஸ்டர் யுனைட்டட் அணியில் சேர்ந்து வளர்ந்த கிக்ஸ், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் ஆகியோர் 2015இல் திறந்தது, மொட்டைமாடியில் ஒரு சின்ன மைதானமே வைத்திருக்கிறார்கள். கன்சாஸ் சிட்டியில் 2024இல் பெண்களின் தொழில்முறை அணி ஒன்றுக்கென்றே ஆற்றங்கரையில் 11,500 இருக்கைகளோடு மைதானம் கட்டினார்கள். அந்த அணியின் உரிமையாளர்களில் பட்ரிக் மஹோம்ஸும் அவருடைய மனைவி பிரிட்டனியும் இருக்கிறார்கள். அவர் ‘அமெரிக்கன் ஃபுட்போல்’ என்ற வேறு விளையாட்டின் வீரர், மனைவி நம்மைப் போல உதைபந்து ஆடியவர். மைதானத்தைச் சுற்றிக் குடியிருப்பும் கடைகளும் எழுப்புவது அந்தத் திட்டத்தோடு சேர்ந்ததுதான், ஏனென்றால் போட்டி இல்லாத நாளில் மைதானம் வெறும் புல்வெளி, காசு வருவது சுற்றியிருக்கிற நிலத்திலிருந்து.

ரொறன்ரோ நண்பர் திரும்பத் திரும்பச் சொல்வது இங்கிலாந்து உதைபந்து வீரர் டேவிட் பெக்காமின் கதையை. 2007இல் அமெரிக்காவுக்கு ஆடப் போனபோதே, பின்னாளில் 25 மில்லியன் டொலருக்கு ஒரு அணி வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். மியாமியில் அணி என்று 2014இல் அறிவித்தாயிற்று. ஆனால் மைதானத்துக்கு நிலம்? ஒவ்வொரு இடமாகப் பார்த்துக் கைவிட்டு, கடைசியில் நகரசபைக்குச் சொந்தமான ஒரு கோல்ஃப் திடலுக்கு வந்தார்கள். 2018இல் மக்களிடம் வாக்கெடுத்து, 2022இல்தான் 99 வருடக் குத்தகை அனுமதியானது. அந்த மண்ணுக்குள் பழைய குப்பை எரித்த சாம்பலும் ஆர்சனிக்கும் இருந்தது வேறு. உலகமறிந்த பெக்காமுக்கே காணிக் கடதாசி அலுவலுக்கு இத்தனை வருடம் போயிருக்கிறது. எங்களைக் கூட்டிக்கொண்டு போன நிறுவனம் மூன்று கிழமையில் காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் தருவதாகச் சொன்னது.

சரி, சேவைக்கு வருகிறேன்.

தொலைபேசியில் கதைத்தவர் மரியாதையானவர். வாகனம் அனுப்பினார்கள், நேரத்துக்கு வந்தது. அளவையாளர் எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒரு பக்கம் அயலவரின் வேலி ஒன்றரை அடி உள்ளே வந்திருப்பதை நாங்கள் கேட்காமலே சொன்னார். அவரை யாருக்கும் துணிந்து சொல்வேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சறுக்கல். ‘மைதானத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்ற காணிக்கு மோட்டார்சைக்கிளில் பதினெட்டு நிமிடம் எடுத்தது, அதில் கடைசிப் பகுதி கிறவல் ஒழுங்கை. பை தூக்கிக்கொண்டு வருகிற பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதை நடந்து கடக்க முடியாது. இரண்டாவது காணி உண்மையிலேயே கிட்ட. நாங்கள் பார்த்தது ஆவணி மாதம், நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது, நல்ல மேட்டுக்காணி என்று சொன்னார்கள். முன்வீட்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டுக் குடிக்கும்போது 2018 மார்கழி வெள்ளத்தைப் பற்றி விசாரித்தேன். “தம்பி, உந்தக் காணிக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி நிண்டது, மாடு கட்ட இடமில்லாமல் றோட்டுக்குக் கொண்டுவந்தனாங்கள்” என்றார். இரணைமடுக் குளத்தின் கதவு திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று கிளிநொச்சியில் காணி விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம்.

மூன்றாவது காணி எல்லா வகையிலும் பிடித்தது, கிணறும் நல்ல கிணறு. ‘கிளியர் காணி, உறுதி இருக்கிறது’ என்றார்கள். முன்பணம் 50,000 ரூபா கட்டினோம். பிறகு நாங்களாகத் தேடிப்போன நொத்தாரிசு (உறுதி எழுதுகிற சட்டத்தரணி) ஐயா கடதாசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம் என்றார். வன்னியில் பெருந்தொகையான காணி இப்படித்தான். குடியேற்றத் திட்டங்களில் அரசாங்கம் பகிர்ந்து கொடுத்தது, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ் வருவது. வைத்திருப்பவர் பயிர் செய்யலாம், வீடு கட்டி இருக்கலாம், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளியை நியமிக்கலாம். ஆனால் தன் விருப்பத்துக்குக் கூறு போட்டு விற்க முடியாது. அனுமதிப்பத்திரத்துக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியென்றாலும் கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சும்மா ஒரு உடன்படிக்கை எழுதிக் காசைக் கொடுத்துவிட்டு, பிறகு அதன்மேல் ஆறு அறை கட்டியிருந்தால் எங்கள் நிலை என்ன?

அதோடு முடியவில்லை. ரொறன்ரோ நண்பர் கனடாக் குடியுரிமை எடுத்தவர், இலங்கை இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பெயருக்கு இங்கே காணி மாற்ற முடியாது. பரம்பரையாக வருவது, அடுக்குமாடி வீடுகள் என்று சில விலக்கு உண்டு, எங்கள் விடயம் அதில் வராது. நிறுவனமோ நான்கு பேரின் பெயரையும் உறுதியில் போடலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தது. புலம்பெயர்ந்த பழைய வீரர்கள் ஊர்க் கழகத்துக்கும் மைதானத்துக்கும் அனுப்புகிற காசு கொஞ்சமில்லை. அந்த அன்பை நம்பித்தான் இந்த விளம்பரங்கள் போடப்படுகின்றன, அதனால் இந்த இடத்தில் பொய் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முன்பணம் திரும்பி வர ஏழு கிழமை. அதிலும் 5,000 ரூபா அலுவலகச் செலவென்று கழித்தார்கள், அதற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டும் தரவில்லை.

போகிறவர்கள் போங்கள், காணி பார்ப்பதற்கு அவர்களின் வாகனமும் அளவையாளரும் உதவும். காசு மட்டும் கொடுக்காதீர்கள், உங்களுடைய சொந்த நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவிலும் கேட்டுச் சொல்லும்வரை. ‘சர்வதேசப் போட்டி வந்தால் விலை இரண்டு மடங்காகும்’ என்ற பேச்சையும் காதில் போடாதீர்கள். நான் மூன்று பின்னேரம் மைதான வாசலில் இருந்து பார்த்தேன். வருகிறவர்கள் பாடசாலைப் பிள்ளைகளும், கழகப் பெடியளும், நடைப்பயிற்சிக்கு வருகிற அக்காமாரும்தான். வருடம் முழுக்க இருக்கப்போகிறவர்கள் இவர்கள், அவர்களுக்குக் கட்டுப்படியாகாத எதைக் கட்டினாலும் அது பூட்டித்தான் கிடக்கும்.

நாங்கள் கடைசியில் காணி வாங்கவில்லை. மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில் உறுதிக் காணியில் உள்ள ஒரு பழைய வீட்டை, நொத்தாரிசு மூலம் எழுதி, ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்தோம். குளியலறை மூன்று புதிதாகக் கட்டி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாயிற்று. போன மாதம் மன்னாரிலிருந்து பெண்பிள்ளைகளின் அணி ஒன்று வந்து இரண்டு இரவு தங்கியது. தண்ணீர்த் தாங்கி ஒன்று போதவில்லை, அடுத்த அணி வருவதற்குள் இன்னொன்று வைக்கவேண்டும்.