மெட்ராஸா வடசென்னையா, எதை மொதல்ல பாக்கறது?

ஞாயித்துக்கிழமை பனியன் கம்பெனி லீவுன்னா ரூம்ல இதே சண்டைதானுங்க. 2014ல வந்த மெட்ராஸ், ரஞ்சித் படம், ஒரே ஒரு செவுரு, அது யாருக்குன்னு ரெண்டா ஒடைஞ்ச கட்சிக்காரங்க மோத ஹவுசிங் போர்டு பசங்க உசுரு போகுது, கார்த்தி அதுல ஐடி வேலைக்குப் போறவரு. வடசென்னை 2018, வெற்றிமாறன்து, கேரம் ஆடற தனுஷ் ஜெயிலுக்குப் போயி கேங்குல மாட்டறாரு, கதை முன்ன பின்ன தாவும், போனை நோண்டிட்டே பாத்தா ஒண்ணும் வெளங்காதுங்க. ரெண்டுலயும் அன்புன்னு ஒருத்தன் வேற! ரெண்டுக்கும் சந்தோஷ் நாராயணன்தான் மியூசிக். அமீர் வர்ற ராஜன் போர்ஷனுக்காகவே எனக்கு வடசென்னைதானுங்க, ஆனா புதுசா பாக்கறவங்க மெட்ராஸ்ல ஆரம்பிங்க, கதையும் தாவுனா கஷ்டம், ரெண்டு படத்துலயும் வர்ற அந்த சென்னைப் பேச்சே நம்ம திருப்பூர் காதுக்குப் பிடிபடவே அரைமணி நேரம் ஆகுமுங்க.