34 சதவீதமும் 0.03 சதவீதமும்

கணக்குத் தணிக்கை என் தொழில். ஒரு நிறுவனத்தின் பங்குப் பதிவேட்டைப் புரட்டினாலே, அங்கே யாருக்கும் யாருக்கும் மனக்கசப்பு என்பது ஓரளவு புரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, ஃபேஸ்புக் பிறந்த கதையைச் சொல்லும் 'தி சோஷியல் நெட்வொர்க்' (2010) படத்தை மூன்றாவது முறை பார்த்தபோதும் என் மனம் மார்க் சக்கர்பெர்க்கிடம் போகவில்லை. எட்வர்டோ சாவெரினிடமே நின்றுவிட்டது.

இருவரும் ஹார்வர்டு மாணவர்கள். மார்க் நிரல் எழுதுகிறான், எட்வர்டோ கைக்காசைப் போடுகிறான். 2004 பிப்ரவரியில் தளம் தொடங்குகிறது. பிறகு மார்க் கலிஃபோர்னியாவுக்குப் போய்விடுகிறான்; எட்வர்டோ நியூயார்க்கில் விளம்பரதாரர்களைத் தேடி அலைகிறான். நாப்ஸ்டர் என்ற இணையப் பாட்டுப் பகிர்வுச் சேவையால் புகழ்பெற்ற ஷான் பார்க்கர் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

முதலீடு வருகிறது. நீட்டிய தாள்களில் எட்வர்டோ கையெழுத்துப் போடுகிறான். எதிரே இருப்பவர்கள் தன்னுடைய வழக்கறிஞர்களும்தான் என்று நம்புகிறான். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது. என் மேசைக்கும் இப்படிப்பட்ட தாள்கள் வந்திருக்கின்றன. நண்பன்தானே என்று படிக்காமல் போட்ட கையெழுத்துகள் அவை.

பிறகு, மார்க் மீது எட்வர்டோ தொடுத்த வழக்கின் விசாரணை அறை. புதிய பங்குகள் வெளியிட்டதால் நிறுவனத்தில் மார்க்கின் பங்கு எவ்வளவு குறைந்தது என்று எட்வர்டோவிடம் அவனுடைய வழக்கறிஞர் கேட்கிறார். குறையவில்லை. இன்னொரு இணை நிறுவனர் மாஸ்கோவிட்ஸின் பங்கு? குறையவில்லை. பார்க்கருடையது? முதலீட்டாளர் பீட்டர் தீலுடையது? குறையவில்லை. உங்களுடையது? 34 சதவீதத்துக்கு மேல் இருந்தது 0.03 ஆகிவிட்டது. சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லாத படத்தில் அந்த எண்தான் கத்திக்குத்து. எட்வர்டோவாக நடிக்கும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு அழுது தீர்க்காமல் அதைச் சொல்லிவிடுகிறார்.

அலுவலகக் காட்சியும் அப்படித்தான். எட்வர்டோ கோபத்தோடு வந்து கூப்பிடுகிறான். காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும் மார்க் நிமிரவே இல்லை. மடிக்கணினியைப் பிடுங்கி மேசையில் அடித்து நொறுக்கிய பிறகுதான் திரும்பிப் பார்க்கிறான். நண்பனின் பேச்சு காதில் விழ ஒரு கணினி உடைய வேண்டியிருக்கிறது.

இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் முதல் காட்சியை மட்டும் 99 முறை எடுத்தாராம். மார்க்காக நடிக்கும் ஜெஸ்ஸி ஐசன்பெர்க் மூச்சுவிடாமல் பேசுவதைக் கேட்டால் அந்த உழைப்பு வீண்போகவில்லை என்று தெரியும். திரைக்கதை எழுதிய ஆரோன் சோர்கினின் வசனம் அத்தனை வேகம். சப்டைட்டில் போட்டுக்கொண்டே பாருங்கள். எட்வர்டோ தொடுத்த வழக்கு, தங்கள் யோசனையை மார்க் திருடிவிட்டான் என்று விங்கிள்வாஸ் இரட்டையர் தொடுத்த வழக்கு என்ற இரண்டின் விசாரணைகளையும் பழைய நாட்களையும் மாற்றி மாற்றிக் காட்டினாலும் கதை ஓரிடத்திலும் குழம்பவில்லை. திரைக்கதை, இசை, படத்தொகுப்பு மூன்றுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. படத்தொகுப்புக்குக் கிடைத்ததில்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மனத்தாங்கல் ஒன்று உண்டு. காதலி கைவிட்ட ஆத்திரத்தில்தான் எல்லாம் தொடங்கியது என்பதுபோல் படம் சொல்கிறது. எரிக்கா என்ற அந்தப் பெண் கற்பனைப் பாத்திரம். பின்னாளில் மனைவியான பிரிசில்லா சானை உண்மையான சக்கர்பெர்க் 2003இலேயே சந்தித்துவிட்டார். படத்தில் பிரிசில்லா இல்லவே இல்லை. எரிக்காவையும் ஓரிரு பெண் வழக்கறிஞர்களையும் தவிர்த்தால், மற்ற பெண்கள் வெறும் அலங்காரம். இவ்வளவு கூர்மையான எழுத்தில் இது பெரிய குறை.

இறுதியில் திரையில் சில வரிகள் வருகின்றன. விங்கிள்வாஸ் இரட்டையருக்குக் கிடைத்த தொகை 6.5 கோடி டாலர். எட்வர்டோவுக்கு எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை; இணை நிறுவனர் என்ற இடத்தில் அவன் பெயர் திரும்பவும் சேர்க்கப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. அந்த வரி சட்டென்று மறைந்துவிடுகிறது. நிறுத்திவைத்து இன்னொரு முறை படித்தேன்.