24 லிட்டர் பிரஷர் டேங்க் செட்: டேங்க் தேறும், சுவிட்ச் சுமார்

ரங்கூன் ஹார்டுவேர் கடைகளில் பம்போடு சேர்த்து விற்கும் 24 லிட்டர் டேங்க் செட்டுக்கு ஐந்துக்கு மூன்று. டேங்கில் குறையில்லை. மார்க் போனது கூடவே வரும், அழுத்தத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டி நிறுத்தும் சுவிட்சாலும், அழுத்தத்தைக் காட்டும் மீட்டராலும்.

20 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அளவு) பம்பு ஓடி 40-ல் நிற்கும்படி வைத்தால், 24 லிட்டர் டேங்கிலிருந்து இடையில் கிடைப்பது ஏறக்குறைய 8 லிட்டர்தான். வாளி நிரம்புமுன் பம்பு ஓடினால் அது பழுதல்ல. பெரிய குடும்பத்துக்கு 100 லிட்டர் டேங்கே சரி.

ஒரு டம்ளர் பிடிப்பதற்குள் பம்பு டக் டக்கென்று ஓடி நின்றால், பெரும்பாலும் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். சுவிட்சை மாற்று என்று யாராவது சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடியுங்கள். பிறகு டேங்கின் பின்மூடிக்குள் இருக்கும் வால்வில் டயர் மீட்டரை வையுங்கள். வடிக்காமல் வைத்தால் அது தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும். பம்பு ஓடத் தொடங்கும் அளவுக்கு 2 கீழே, அதாவது 18 பிஎஸ்ஐ, இருக்க வேண்டும். குறைந்தால் சைக்கிள் பம்பே போதும். வால்வு முள்ளை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. பையை மட்டும் மாற்றலாம், டேங்கைத் தூக்கிப் போட வேண்டாம்.

சுவிட்சுக்கு எதிரி இரும்புத் தண்ணீர். அடியில் உள்ள கால் அங்குல வழி துருச்சேற்றால் அடைத்துக்கொண்டால் உண்மையான அழுத்தம் சுவிட்சை எட்டாது. பம்பு நிற்காமல் ஓடும், அல்லது ஓடவே ஓடாது. கழற்றிக் கம்பியால் குத்தி விடுங்கள். மீட்டர் முள் ஒரே இடத்தில் நின்றாலும் இதே வைத்தியம். மாலையில் வோல்டேஜ் இறங்கும் வீடுகளில் பம்பு 40-ஐ எட்டாமல் ஓடிக்கொண்டே சூடாகும். அதற்குச் சுவிட்சில் உள்ள பெரிய நட்டைத் தளர்த்தினால் ஓடும் அளவும் நிற்கும் அளவும் சேர்ந்து இறங்கும். டேங்கின் காற்றையும் அதே அளவு குறைக்க மறக்காதீர்கள். சின்ன நட்டு அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு மட்டும்.

குழாய் எல்லாம் மூடியிருந்தும் பம்பு அவ்வப்போது ஓடுகிறதா? டேங்குக்கு அடுத்து, வீட்டுக்குப் போகும் குழாயில் உள்ள கேட் வால்வை மூடுங்கள். அப்போதும் முள் இறங்கினால் ஃபுட் வால்வு (கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுப்பது) கசிகிறது. இறங்காவிட்டால் வீட்டுக்குள், முதலில் கக்கூஸ் தொட்டியைப் பாருங்கள்.

திஞ்சான் (ஏப்ரலில் வரும் பர்மியத் தண்ணீர்த் திருவிழா) சமயத்தில் நீர்மட்டம் பம்பிலிருந்து 8 மீட்டருக்குக் கீழே போய்விட்டால், மேலே வைத்த ஒற்றைக் குழாய்ப் பம்பு இழுக்காது. அந்தக் கிணற்றுக்கு நீர்மூழ்கி பம்புதான்.