செங்கலடியிலிருந்து பதுளை வரை: வாடகை மோட்டார் சைக்கிளில் இரண்டு நாட்கள்

மட்டக்களப்பு நகரில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் சிறு நிலையமொன்றில் 150 சி.சி. வண்டியை இரண்டு நாட்களுக்கு எடுத்து, செங்கலடியில் கிளைக்கும் ஏ-5 வீதி வழியாகப் பதுளை சென்று திரும்பினேன். நாள் வாடகை 3500 ரூபாய். பெற்றோல் நமது செலவு. அடையாள அட்டையின் பிரதியும் 10,000 ரூபாய் முற்பணமும் பெற்றுக்கொண்டார்கள். பாசிக்குடாவுக்கும் நகருக்குள்ளும் ஓடித் திரிவதற்கே பெரும்பாலானோர் அங்கு வண்டி எடுக்கிறார்கள். ஆயினும் மலையேறப் போகிறேன் என்று நான் சொன்னதும், வாசலில் நின்ற வண்டியை மீண்டும் உள்ளே எடுக்கச் சொன்னார் உரிமையாளர்.

பணியாளர் குந்தியிருந்து, செயினின் நடுப்பகுதியை ஒரு விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். தளர்வு கூடுதலாக இருந்ததால் பின்சக்கர நட்டைக் கழற்றி இழுத்துச் சரிசெய்தார். எண்ணெய் இட்டு, இரண்டு டயர்களின் காற்றையும் அளந்த பிறகே திறப்பைத் தந்தார். "தம்பி, லுணுகலைப் பக்கம் இறங்கக்குள்ள பிரேக்கை மட்டும் நம்பி வராதீங்க, கியரைக் குறைச்சுக் கொண்டு வாங்க" என்று உரிமையாளர் இருமுறை சொன்னார். அந்த அறிவுரை எவ்வளவு பெறுமதியானது என்பதை மறுநாள் பிற்பகல் உணர்ந்தேன்.

கரடியனாறு, உறுகாமம், புல்லுமலை என்று செல்லும் முதற்பகுதி பெரும்பாலும் சமதரை. காலைச் சூரியன் முதுகுப்புறம் இருக்க, குளத்தின் ஈரக்காற்றும் சோளச் சேனைகளும் மாறிமாறி வருகின்றன. அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கலாம். திருகோணமலைக் கன்னியாவைத் தெரிந்த அளவுக்கு நம்மவர்களுக்கு இவற்றைத் தெரியாதது எனக்கு வருத்தமே. பதியத்தலாவையைக் கடந்து, தோடம்பழத்துக்குப் பேர்போன பிபிலையைத் தாண்டியதும் வீதி ஏறத் தொடங்குகிறது.

இந்தப் பயணத்தின் உயிர் பிபிலைக்கும் பசறைக்கும் இடையில்தான் இருக்கிறது. ஒரு வளைவில் காடு, அடுத்த வளைவில் பள்ளத்தாக்கு, அதற்கடுத்ததில் தேயிலை; சில இடங்களில் எஞ்சினை நிறுத்தினால் நீர் வழியும் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் வண்டி திணறாமல் ஏறியது. ஹொப்டன் பக்கத்தில் ஒரு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) அருகிலிருந்த கடையில் பிளேன்டீ தந்த அம்மா, "எங்கருந்து வர்றீங்க தம்பி?" என்று கேட்டார், மட்டக்களப்பு என்றதும், தம் மகள் வாழைச்சேனையில் வாழ்க்கைப்பட்டிருப்பதாகச் சொல்லி, ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பசறைக்கு முன்னுள்ள 13ஆம் கட்டை (மைல்கல்) பகுதியில் மிக மெதுவாகவே செல்லுங்கள். 2021 மார்ச்சில் தனியார் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இங்கேதான். பதுளையில் ஓர் இரவு தங்கினேன். அந்நகரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

திரும்பும்போது, பசறைக்கும் பிபிலைக்கும் இடையிலுள்ள லுணுகலைக்குக் கீழே, முன்னால் சென்ற லொறியின் பின்னால் அகப்பட்டுப் பின்பிரேக்கை அடிக்கடி மிதித்து வந்ததில், மிதியின் பிடிமானம் குறைந்து, கருகிய வாடை எழுந்தது. டிரம் பிரேக் சூடேறினால் அப்படித்தான் ஆகும். ஓரமாக நிறுத்தி, தண்ணீர் எதுவும் ஊற்றாமல் இருபது நிமிடம் ஆறவிட்டு, பிறகு இரண்டாம் கியரிலேயே எஞ்சினின் பிடியில் இறங்கினேன். பிரேக் பழைய நிலைக்கு வந்தது. தவறு என்னுடையது, வண்டி நன்றாகவே பராமரிக்கப்பட்டிருந்தது.

நிலையத்தின் மீது எனக்குள்ள குறைகள் இரண்டு. அவர்கள் தந்த தலைக்கவசத்தின் கண்ணாடி முழுவதும் கீறல். அந்தி சாய்ந்த பின் எதிரே வந்த வாகனங்களின் வெளிச்சம் அக்கீறல்களில் சிதறி வீதியின் ஓரத்தையே மறைத்ததால், கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பூச்சிகள் முகத்தில் மோத ஓட வேண்டியிருந்தது. இரண்டாவது, இதனினும் பாரதூரமானது: மகா ஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் மாலையில் யானைகள் வீதிக்கு வரும் என்று அவர்கள் சொல்லவே இல்லை. மகா ஓயாவில் ஒரு கடைக்காரர் சிங்களத்தில் எச்சரித்து, முன்னால் சென்ற பேருந்தின் பின்னாலேயே போகச் சொன்னதால்தான் அப்பகுதியைப் பத்திரமாகக் கடந்தேன். மலையிறக்கத்தைப் பற்றி இருமுறை எச்சரித்தவர்கள் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

வண்டியை ஒப்படைத்தபோது இரண்டையும் நேரிலேயே கூறினேன். உரிமையாளர் தலைக்கவசத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அதைப் பாவனையிலிருந்து ஒதுக்கி வைத்தார். முற்பணத்தையும் குறைக்காமல் தந்தார். இந்த வீதிக்கு இந்நிலையத்தின் வண்டியை நம்பி எடுக்கலாம் என்பதே என் கருத்து. தலைக்கவசத்தை மட்டும் சொந்தமாகக் கொண்டு செல்லுங்கள்; பதுளையிலிருந்து காலை எட்டு மணிக்கு முன்னரே திரும்பப் புறப்படுங்கள்.