நாற்பது கிலோ மாவும் ஒரு லட்ச ரூபாயும்

காலை ஐந்தரைக்கு மதுரை வில்லாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் எட்டு மணிக்குள் பதினேழு கடைகளுக்கு இட்லி மாவு போட்டாக வேண்டும். ஒரு கிலோ பாக்கெட் நாற்பது. பாதி, கால் வைக்கிற இடத்தில் டிரேயில். மீதி, பின் சீட்டில் கட்டிய பெட்டியில். சாயங்காலம் வசூலுக்கு இன்னொரு சின்னச் சுற்று. மொத்தம் 32 கிலோமீட்டர்.

எலெக்ட்ரிக் வண்டி வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் அவர்களிடம் கேட்பேன். தினம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு சுமை, ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? இது தெரியாமல் ஷோரூமுக்குப் போனால் அவர்களிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். நான் ஒரு தடவை அப்படித்தான் வந்தேன்.

அது 2021. "லைசென்ஸ் வேண்டாம்க்கா, ஆர்.சி. வேண்டாம், பெட்ரோலே வேண்டாம்" என்று சொல்லி 48,000 ரூபாய்க்கு ஒரு வண்டியைத் தலையில் கட்டினார்கள். லைசென்ஸ் ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது என்றால்தான் அந்த விலக்கு. மாவை ஏற்றிக்கொண்டு தெற்குவாசல் பாலத்தில் ஏறும்போது பின்னால் வரும் டவுன் பஸ் அடிக்கிற ஹாரனில் காது கிழியும். ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உள்ளே இருந்தது இன்வெர்ட்டரில் இருப்பதைப் போன்ற லெட் ஆசிட் பேட்டரி. புதிதில் 45 கிலோமீட்டர் ஓடியது, பதினான்கு மாதத்தில் இருபதுக்கு வந்துவிட்டது. புது செட் போட 14,000 ஆகும் என்றார்கள். யோசித்துவிட்டு அடுத்த மாதம் போனால் அந்த இடத்தில் செல்போன் கவர் கடை இருந்தது. வண்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். திரும்பவும் பழைய பெட்ரோல் ஸ்கூட்டர்தான்.

அந்த அடி வலித்ததால் இரண்டாவது தடவை மூன்று மாதம் சுற்றினேன். ஒரு லட்சத்துக்கு மேல் போவதில்லை என்று வீட்டில் பேச்சு.

சுற்றியதில் முதலில் புரிந்தது, நாம் காசு கொடுப்பது பேட்டரிக்குத்தான் என்பது. அதை அளப்பதும் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்டில்தான். ஓலா 2024 ஏப்ரலில் எஸ்1 எக்ஸ் வண்டிக்குப் போட்ட விலையைப் பாருங்கள்: 2 யூனிட் பேட்டரி 69,999, 3 யூனிட் 84,999, 4 யூனிட் 99,999. ஒரே வண்டி, யூனிட்டுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் ஏறுகிறது. தினம் 32 கிலோமீட்டர் ஓட்டுகிறவள் 4 யூனிட் வாங்கினால், ஓட்டாத கிலோமீட்டருக்கும் சேர்த்து முப்பதாயிரம் கட்டுகிறாள் என்று அர்த்தம். "எதுக்கும் பெருசா வாங்கிப் போடு" என்றார் என் வீட்டுக்காரர். அண்டா வாங்குகிற புத்தி அது.

ஷோரூமில் சொல்கிற மைலேஜையும் அப்படியே நம்பக் கூடாது. பெரும்பாலும் ஐ.டி.சி. என்கிற சோதனைக் கணக்கைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்தச் சோதனை ரோலர் மேல் வண்டியை ஓட விட்டு எடுப்பது. மதுரைச் சாலையும் நாற்பது கிலோ மாவும் அதில் கிடையாது. நான் அதில் முப்பது சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் யோசித்தேன். ஒரு தம்பி "120 போகும்க்கா" என்று அடித்துச் சொன்னான். "தம்பி, நீயும் நானும் இந்த மாவும் சேர்ந்து ஏறுவோம், அப்புறம் எவ்வளவு போகும்?" என்று கேட்டேன். மேனேஜரைக் கூப்பிடப் போனான்.

அதே வாரம் இன்னொரு ஷோரூமில் விலைச்சீட்டில் 'ஹேண்ட்லிங்' என்று மூவாயிரத்து ஐந்நூறு இருந்தது. எதைக் கையாண்டீர்கள் என்று கேட்டேன். மேட், கவர், பம்பர் மூன்றும் கட்டாயம் என்றார்கள். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். படி இறங்குவதற்குள் ஹேண்ட்லிங் காணாமல் போயிற்று. ஆனாலும் அங்கே வாங்கவில்லை.

பார்த்த வண்டிகளில் ஏதர் ரிஸ்டாவின் சீட் நல்ல நீளம். குழந்தைகளோடு போகிற வீட்டுக்கு ஏற்றது. ஆனால் அப்போது ஆரம்ப விலையே 1.10 லட்சம், நமக்கு எட்டாது. பஜாஜ் சேத்தக்கின் இரும்பு உடம்பை வீட்டுக்காரர் தட்டித் தட்டிப் பார்த்தார், அவருக்கு அதில்தான் கண். அதில் சில வசதிகளுக்கு டெக்பேக் என்று தனியாகக் கட்ட வேண்டும். ஆம்பியர் மேக்னஸ் நியோ 79,999-க்கு வந்தது. நம் கோயம்புத்தூரில் தொடங்கிய கம்பெனி அது, இப்போது கிரீவ்ஸ் கையில், தொழிற்சாலை ராணிப்பேட்டையில். அதில் எல்.எஃப்.பி. என்கிற வகை லித்தியம் பேட்டரி. எடை கொஞ்சம் கூடுதல் என்றாலும் சூட்டைத் தாங்கும், ஆயுசும் அதிகம். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. நான் பார்த்த நேரத்தில்தான் அது சந்தைக்கு வந்திருந்தது, ஓட்டிப் பார்த்த ஆள் ஒருவரைக்கூடத் தெரியவில்லை. சூடு கண்ட பூனை நான். விட்டுவிட்டேன்.

கடைசியில் எடுத்தது டி.வி.எஸ். ஐக்யூப், 2.2 யூனிட் பேட்டரி. 2024 மே மாதம் வந்த சின்ன மாடல். மதுரைக்காரர்களுக்கு டி.வி.எஸ். மேல் ஒரு பாசம் உண்டு, அவர்கள் பஸ் விட்டு ஆரம்பித்தது இந்த ஊரில்தானே. பாசத்துக்காக ஒரு லட்சம் கொடுக்க முடியாது. எனக்கு இருந்த காரணங்கள் வேறு. சர்வீஸ் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். எங்கள் தெருப் பால்காரர் இதே வண்டியின் பெரிய மாடலை இரண்டு வருடமாக ஓட்டுகிறார். அவரிடம் கேட்டால் சேல்ஸ்மேனிடம் கேட்க வேண்டியதில்லை. அப்புறம் அந்த டிரே. வீட்டிலிருந்து டேப் கொண்டுபோய் கால் வைக்கிற இடத்தை அளந்தேன், நம்பிக்கை வராமல் மறுநாள் டிரேயையே கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது, காலுக்கும் இடம் இருந்தது. இந்த மாடலுக்குக் கம்பெனி சொல்வதே 75 கிலோமீட்டர்தான், பெரிய வாக்குறுதி எதுவும் இல்லை.

2025 தை மாதம் எடுத்தேன். அப்போது மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியம் பேட்டரி யூனிட்டுக்கு 5,000, அதிகபட்சம் 10,000. என் வண்டிக்கு முழுப் பத்தாயிரமும் கிடைத்தது. ஷோரூமில் ஆதாருக்காக முகத்தைப் படம் பிடித்தார்கள், போனுக்கு ஒரு வவுச்சர் வந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பில்லிலேயே கழித்துவிட்டார்கள், எங்கும் அலையவில்லை. அப்போது சாலை வரியும் கிடையாது. இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து மூவாயிரம். மூவாயிரம் தாண்டியதை வீட்டில் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இப்போது பதினோரு மாதம், ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. சுமையோடு ஒரு சார்ஜுக்கு 55 ஓடுகிறது, வெறும் வண்டியாக மெதுவாகப் போனால் 65 வரை பார்த்திருக்கிறேன். தெற்குவாசல் பாலத்தில் இப்போது யாரும் ஹாரன் அடிப்பதில்லை. காலை ஐந்தரைக்குத் தெருவில் சத்தமே வராது. நாய்கள்கூட எழுந்திருப்பதில்லை. அதனாலேயே திருப்பங்களில் நான் ஹாரன் அடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சீட்டுக்கு அடியில் 30 லிட்டர் இடம், மழைக்கோட்டு, வசூல் பை, இரண்டு காலி சாக்கு போகும். உசிலம்பட்டியில் என் அம்மா வீட்டுக்குப் போய் வருகிற தூரம் இதில் முடியாது. அதற்கு பஸ் இருக்கிறது, வருடத்தில் ஆறு நாளுக்காக முப்பதாயிரம் ரூபாய் பேட்டரி வாங்க மாட்டேன்.

சார்ஜ் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த இ-பைக் எரிந்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோன செய்தி இன்னும் மனதில் இருக்கிறது. அந்த வருடம் பல ஊர்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்கிற பேட்டரி விதியைக் கடுமையாக்கினார்கள். இப்போது வாங்குகிறவர்கள், முக்கியமாகப் பெயர் தெரியாத கம்பெனி என்றால், இந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் இரண்டு தடவை கேளுங்கள். நான் ராத்திரி சார்ஜ் போடுவதில்லை. காலை எட்டுக்கு வருகிறேன், வண்டி நிழலில் ஒரு மணி நேரம் ஆறுகிறது, ஒன்பது மணிக்குப் போட்டால் அரிசி ஊற வைத்து மதியச் சமையல் முடிவதற்குள் வேலை ஆகிவிடும், நானும் பக்கத்திலேயே இருக்கிறேன்.

பிளக் பாயிண்ட்டுக்கு எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் பல்பை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க வீட்டு எர்த் செத்துப்போய் எத்தனை வருஷமாச்சோ" என்றார். கிரைண்டரில் அவ்வப்போது சுரீர் என்று அடிப்பதன் காரணம் அன்றுதான் தெரிந்தது. புது எர்த், போர்டிலிருந்து தனி வயர், 15 ஆம்பியர் சாக்கெட், கூலியோடு 4,200. வண்டி விலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பில் இன்னொரு பாடம். வண்டிக்கு மாதம் 36, 37 யூனிட் ஆகிறது. என் மாவு மிஷின்களுக்குத் தனி மீட்டர், வண்டி சார்ஜ் ஆவது வீட்டு மீட்டரில். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 440 யூனிட் ஓடும், அதில் வண்டியும் சேர்ந்து முதல் தடவை 515-க்குப் போய்விட்டது. நம் மின்வாரியக் கணக்கில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. 101-இலிருந்து 200 வரைக்கும் இருக்கிற சலுகையும் போய், அந்த நூறு யூனிட்டுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்ட வேண்டும். எழுபத்தைந்து யூனிட் கூடியதற்கு எழுநூறு ரூபாய்க்கு மேல் பில் ஏறியது. பையனைக் கூப்பிட்டு ஏ.சி.யை 26-க்குக் கீழே வைத்தால் ரிமோட்டைப் பிடுங்கிவிடுவேன் என்றேன். அடுத்த தடவை 488. வாங்குவதற்கு முன்னால் உங்கள் பழைய பில்லை எடுத்து, 500-க்கு எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

அந்த எழுநூறே ஆனாலும் மாதத்துக்கு 350 தான். பழைய ஸ்கூட்டர் சுமையோடு லிட்டருக்கு நாற்பதுதான் கொடுக்கும். மாதம் பெட்ரோலுக்கு இரண்டாயிரத்து நூறு போல ஆகிக்கொண்டிருந்தது. ஆயில் மாற்றுவது, பிளக் மாற்றுவது என்று எதுவும் இப்போது இல்லை. பின் சக்கரத்தில்தான் மோட்டார் இருக்கிறது என்பதால் பஞ்சர் கடை அண்ணன் முதலில் தொடப் பயந்தார், "ஷாக் அடிக்குமாம்மா?" என்று வேறு கேட்டார். டியூப்லெஸ் டயர், சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டலாம் என்று சொல்லி நானே பக்கத்தில் நின்றேன். இப்போது அவர் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்.

இன்றைக்கு வாங்குகிறவர்களுக்கு நிலவரம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்த மானியத்தைப் பாதியாக்கி, ஐயாயிரத்துக்கு மேல் கிடையாது என்றார்கள். அதே வருடம் செப்டம்பர் 22-இலிருந்து 350 சி.சி. வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, எலெக்ட்ரிக்குக்குப் பழைய 5 சதவீதமே. அதனால் விலை வித்தியாசம் கூடியிருக்கிறது. கோயிலுக்கும் காய்கறிக்கும் என்று தினம் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுகிற வீட்டுக்கு நான் எலெக்ட்ரிக் வாங்கச் சொல்ல மாட்டேன், இருக்கிற வண்டியையே ஓட்டுங்கள். முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சிக்கு வண்டி பார்க்கப் போகிறோம். அவள் அனுப்பானடியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், கீழே பிளக் போட வீட்டுக்காரம்மா சம்மதிக்கவில்லை. என் வண்டியில் பேட்டரியைக் கழற்ற முடியாது, அதனால் அவளுக்கு இது சரிவராது. ஹீரோவின் விடா வி.எக்ஸ்2-இல் கழற்றி மேலே கொண்டுபோகலாம். 2025 ஜூலையில் வந்தபோது சின்ன மாடல் 99,490 என்றார்கள், பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் வண்டி 59,490, கிலோமீட்டருக்கு 96 பைசாவிலிருந்து வாடகை. நாற்பதாயிரம் வித்தியாசத்தை 96 பைசாவால் வகுத்தேன், நாற்பத்தோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு ஓட்டும்வரை வாடகைதான் மலிவு. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வர தினம் பதினெட்டுதான் ஓட்டுவாள். வாடகைத் திட்டத்தில் குறைந்தபட்சக் கட்டணம் ஏதாவது உண்டா என்று அங்கே எழுத்தில் கேட்க வேண்டும். பேட்டரியை அவளே தூக்கி இரண்டு மாடி ஏற முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஷோரூமில் படிக்கட்டு இருக்கிறதாம்.